எக்செல் தேதி எண்ணுக்குத் தொடக்க நாள் 1900 ஜனவரி 1 அல்ல

“எக்செலிலிருந்து தேதி வெறும் எண்ணாக வந்தால், ஆர் (R) நிரல்மொழியின் அஸ்.டேட் (as.Date) கட்டளையில் 1900 ஜனவரி 1-ஐ ஆரிஜினாக, அதாவது நாள்களை எண்ணத் தொடங்கும் நாளாகக் கொடுங்கள், சரியாகிவிடும்” என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. தவறு. பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனால் ஒவ்வொரு தேதியும் இரண்டு நாள் தள்ளிப் போய்விடும்.

45292-ஐப் போட்டுப் பாருங்கள். எக்செலில் அது 2024 ஜனவரி 1. இந்தக் குறிப்பின்படி செய்தால் ஜனவரி 3 வரும்.

ஒரு நாள் பிசகு ஏனென்றால், எக்செல் ஜனவரி 1-ஐ 0 என்று எண்ணுவதில்லை, 1 என்று எண்ணுகிறது. இன்னொரு நாள் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் தந்த சீதனம். 1900 லீப் ஆண்டு இல்லை. ஆனாலும் லோட்டஸ் அதில் பிப்ரவரி 29-ஐச் சேர்த்திருந்தது, எக்செலும் பொருத்தத்துக்காக அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே 1900 மார்ச் 1 முதலான தேதிகளுக்கு 1899 டிசம்பர் 30 என்று கொடுக்க வேண்டும். கோப்பு எக்செலின் இன்னொரு முறையான, 1904-லிருந்து எண்ணும் ‘1904 தேதி முறை’யில் இருந்தால் மட்டும் 1904 ஜனவரி 1.

மாதத்துக்கு ஒரு மதிப்பு உள்ள தரவுத் தொடரில்தான் இது வம்பு. ஜனவரி 31-க்கான மதிப்பு பிப்ரவரி 2-க்குப் போய், மாதமே மாறிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரையிலான தினசரித் தொடர் என்றால் சுலபமாகப் பிடிபடும்: திங்கள், செவ்வாய் காலியாக, சனி, ஞாயிறு நிரம்பியிருக்கும்.