கடற்கரையில் நடக்கும் அந்த ‘ரோபோ’ உண்மையில் என்ன?

பல கால்களோடு கடற்கரை மணலில் பெரிய பூச்சிபோல நடந்து போகும் உருவத்தின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. “செயற்கை நுண்ணறிவில் இயங்கும் ராணுவ ரோபோ, ரகசியச் சோதனை” என்று கூடவே ஒரு குறிப்பு. அது தவறு.

அது ஒரு கலைப்படைப்பு. பெயர் ஸ்ட்ராண்ட்பீஸ்ட். நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன் 1990 முதல் இவற்றை உருவாக்கி வருகிறார். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, சிப்பும் இல்லை. வீடுகளில் மின்கம்பி ஓட்டப் பயன்படும் மஞ்சள் நிற பிவிசி குழாய்கள்தான் உடம்பு. காற்றுதான் அதை நடக்க வைக்கிறது.

உண்மையான அதிசயம் கால்களில் இருக்கிறது. ஒவ்வொரு காலின் குழாய்த் துண்டுகளும் 11 எண்கள் சொல்லும் நீள விகிதத்தில் வெட்டப்படுகின்றன. அதனால்தான் உடல் மேலும் கீழும் குலுங்காமல் சீராக நகர்கிறது. அந்த எண்களைக் கண்டுபிடிக்க யான்சன் கணினியைப் பயன்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணினி உருவத்துக்குள் இல்லை. சில உருவங்கள் காற்றை பிளாஸ்டிக் பாட்டில்களில் அழுத்திச் சேமித்து, காற்று நின்ற பிறகும் கொஞ்ச தூரம் நடக்கும். தரையை உரசும் ஒரு குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் கடல் பக்கம் போகாமல் திரும்பிவிடுபவையும் உண்டு. எல்லாமே வெறும் காற்றழுத்தத்தால்! எவ்வளவு அழகான யோசனை.

சந்தேகம் இருந்தால் ஸ்ட்ராண்ட்பீஸ்ட் டாட் காம் என்ற அவருடைய தளத்திலேயே பார்க்கலாம். ராணுவக் கதையோடு வரும் செய்தியைத் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். வீடியோ பிடித்திருந்தால் யான்சன் பெயரைச் சேர்த்து அனுப்புங்கள்.