படலையைக் கண்டபடி விடவும்

(இங்கிலாந்தின் கொட்ஸ்வோல்ட்ஸ் பகுதி. பைபரிக்கு அங்கால ஒரு சின்னக் கிராமம். போஸ்ட் ஒபிசும் கடையும் ஒன்றாய் உள்ள இடம். நவம்பர் 12, பின்னேரம் மூன்று மணி. கடைக்கார அண்ணை சான்ட்விச் பெட்டிகளில் மஞ்சள் விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். லண்டனின் ஹரோவில் இருந்து ஒரு கிழமை விடுமுறைக்கு வந்த தம்பி உள்ளே வருகிறார்.)

தம்பி: அண்ணை, அந்த மஞ்சள் ஆடுகள் என்ன விலை போகும்?

அண்ணை: எந்த மஞ்சள் ஆடு?

தம்பி: மேல காணியில நிக்கிற செம்மறியள். கொஞ்சத்துக்குப் பின்பக்கத்தில மஞ்சள் ஒட்டிக் கிடக்கு, மிச்சத்துக்கு இல்லை. கெதியா விக்க வேணும் எண்டுதானே ஒட்டியிருப்பினம். ரெண்டு எடுத்தால் நத்தாருக்குக் காணும்.

அண்ணை: (ஸ்டிக்கரைக் கீழே வைக்கிறார்) தம்பி, இது நான் ஒட்டுறது. அது கிடாய் ஒட்டுறது.

தம்பி: கிடாய் என்னண்டு ஒட்டும்?

அண்ணை: நெஞ்சால. கிடாயின்ர நெஞ்சில வார் கட்டி, அதில மெழுகுக் கட்டி ஒண்டு கொழுவி விடுவினம். அது மறியில, பெட்டை ஆட்டில, ஏறேக்க நிறம் பின்பக்கத்தில பூசுப்படும். காலமை வந்து பாக்கிறவனுக்கு எது முடிஞ்சுது, எது மிச்சம் எண்டு தெரியும்.

தம்பி: சீ! றோட்டால போற சனத்துக்கும் தெரியுமே!

அண்ணை: ஆடு உம்மைப்போல படம் பிடிச்சுப் போடேல்லைத்தானே.

தம்பி: அப்ப மஞ்சள் எண்டால் விக்கிறதுக்கு இல்லையோ?

அண்ணை: மஞ்சள் எண்டால் வித்தாச்சு எண்டு வையும்.

தம்பி: என்ர மனிசி பச்சை ஒட்டினதும் கண்டவவாம்.

அண்ணை: இந்தக் காணியில காணேலாது. இந்த நாடு வாணவெடி விடுற நவம்பர் 5இல கிடாயை உள்ள விட்டால் ஏப்ரல் முதலாந்திகதி குட்டி, 147 நாள் கணக்கு. உள்ள விட்டு இப்ப ஒரு கிழமைதான். மறி 17 நாளுக்கு ஒருக்காப் பருவத்துக்கு வரும். அதால 16, 17 நாள் கழிய மஞ்சளைக் கழட்டிப்போட்டுப் பச்சை, பிறகு சிவப்பு, பிறகு நீலம். வெளிறின நிறத்தில தொடங்கித்தான் கடும் நிறத்துக்குப் போகவேணும். நீலத்துக்கு மேல மஞ்சள் பூசினால் கடவுளுக்கும் தெரியாது.

தம்பி: மஞ்சளுக்கு மேல பச்சை எண்டால் இன்னும் விலை குறைச்சதோ?

அண்ணை: முதல் தரம் சினைப்படேல்லை எண்டு அர்த்தம். ஒண்டு ரெண்டு அப்பிடித் திரும்பி வரும். கனக்கத் திரும்பினால் பிழை கிடாயில.

தம்பி: ரசீது இருந்தால் மாத்தலாமோ?

அண்ணை: (பெருமூச்சு) கிடாய் பாவம், சில நேரம் பிழை அதிலயும் இல்லை. குளிருக்கு ஒரு கட்டி, வெக்கைக்கு வேற கட்டி. வெக்கைக் கட்டியை நவம்பரில கொழுவினால் கல்லாட்டம் இறுகி நிறமே பிடியாது. அது நாள் முழுக்க வேலை செய்திருக்கும், ஒரு அடையாளமும் இராது. வாரை இறுக்கிக் கட்டினால் முன்னங்காலுக்குப் பின்னால புண். தளர விட்டால் கட்டி பக்கவாட்டில போகும். ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கவேணும்.

தம்பி: நான் அந்த விவசாயியோடயே நேர கதைச்சு ஒரு விலை பேசுறன். ஆள் என்ர காருக்குப் பின்னால ட்ரக்டரோட நிக்கிறார். நல்ல மனிசன், என்னைக் கண்டதும் கை காட்டினவர்.

அண்ணை: எப்பிடிக் காட்டினவர்?

தம்பி: ரெண்டு விரலைத் தூக்கி, வெற்றி எண்டு.

அண்ணை: உள்ளங்கை உம்மட பக்கமோ, தன்ர பக்கமோ?

தம்பி: தன்ர பக்கம்.

அண்ணை: அது வெற்றி இல்லைத் தம்பி, ஏச்சு. காரை எங்க விட்டனீர்?

தம்பி: படலைக்கு முன்னால. இந்த ஒழுங்கையில அகலமான இடம் அது ஒண்டுதான். ஆருமே விடேல்லை!

அண்ணை: ஆரும் விடாததுக்குக் காரணம் இருக்குமெண்டு நினைக்கேல்லையோ? 12 அடிப் படலை. ட்ரெயிலரோட ட்ரக்டர் உள்ள திரும்ப முழு ஒழுங்கையும் வேணும். இது ஒரு வாகனம் போற றோட்டு. அவனால முன்னுக்கும் ஏலாது, ட்ரெயிலரோட அரை மைல் பின்னுக்கு எடுக்கிறதும் லேசில்லை.

தம்பி: அஞ்சு நிமிசம் எண்டு சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்.

அண்ணை: போய் எடும். நில்லும், அதுக்கு முதல் ஒண்டு. ஆட்டுக்குக் கிட்ட என்னண்டு போனனீர்?

தம்பி: மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தது.

அண்ணை: மஞ்சள் அம்பு எண்டால் நடந்து போற பாதை. அதில நடக்க உமக்கு உரிமை இருக்கு, ஆரும் மறிக்கேலாது. நீல அம்பு எண்டால் குதிரையும் சைக்கிளும் போகலாம்.

தம்பி: நீலம் விலை கூடினதோ?

அண்ணை: (கேட்காத மாதிரி) அம்பு காட்டின கோட்டாலயோ போனனீர்?

தம்பி: கொஞ்சம் விலகிப் போனன். ஆட்டோட ஒரு படம் எடுக்க.

அண்ணை: சரி. படலையள்? காலமை உமக்கு என்ன சொன்னனான்?

தம்பி: படலையைக் கண்டபடி விடச் சொன்னீங்கள்.

அண்ணை: விட்டனீரோ?

தம்பி: ஓம், கண்டபடிதான் விட்டனான்.

அண்ணை: நல்லது.

தம்பி: ஒண்டைத் திறந்து விட்டன், ஒண்டை மூடி விட்டன்.

(அமைதி. வெளியே ஹோர்ன்.)

அண்ணை: தம்பி. நான் சொன்னது, எப்பிடிக் கண்டனீரோ அப்பிடி விடும் எண்டு. மூடிக் கிடக்கக் கண்டால் மூடி விட வேணும். திறந்து கிடக்கக் கண்டால் திறந்து விட வேணும். நாட்டுப்புற நடைமுறை எண்டு அரசாங்கமே எழுதி வைச்சிருக்கு.

தம்பி: அதை வடிவாச் சொல்லியிருக்கலாமே. கண்டபடி எண்டால் எங்கட அம்மா ஏசுற கண்டபடிதானே எனக்குத் தெரியும்.

அண்ணை: முதலில இருந்து சொல்லும். முதலாவது படலை?

தம்பி: அது ஒரு கூட்டுக்குள்ள அங்கயும் இஞ்சயும் ஆடுற படலை. மனிசியும் நானும் அதில ஒரு படம் எடுத்தனாங்கள்.

அண்ணை: கிஸ்ஸிங் கேட். அதில நீர் நினைச்சாலும் பிழை விடேலாது. ஆள் ஒருத்தர் ஒருத்தராய்ப் போகலாம், ஆடு போகாது. உம்மட வகை ஆக்களை நினைச்சுத்தான் செய்திருக்கிறாங்கள். ரெண்டாவது?

தம்பி: இரும்புப் படலை, மூடிக் கிடந்தது. திரும்பி வருவம்தானே எண்டு திறந்து விட்டன். பிறகு பாத்தால் றோட்டால வாறது சுகமாயிருந்தது. அதால வந்திட்டம்.

அண்ணை: மூண்டாவது?

தம்பி: அதிலதான் அண்ணை எனக்கு நல்ல பேர் வரும். ஆரோ பொறுப்பில்லாமல் திறந்துபோட்டுப் போட்டாங்கள். செம்மஞ்சள் நைலோன் கயித்தால மரக்குத்தியோட சேத்துக் கட்டியும் விட்டிருக்கிறாங்கள். முடிச்சு அவிழ்க்கப் பத்து நிமிசம். அவிழ்த்து, மூடி, கொளுக்கியும் போட்டன். கயித்தையும் குப்பை எண்டு கையோட கொண்டந்தனான். இந்தாங்கோ.

அண்ணை: (கயிற்றை வாங்கி மேசையில் வைக்கிறார்) இது வைக்கோல் கட்டுற கயிறு. இந்த நாட்டு விவசாயம் பாதி இந்தக் கயித்தில நிக்குது. படலையைக் காத்து அடிச்சு மூடிப்போடக் கூடாது எண்டு இழுத்துக் கட்டினது. தண்ணித் தொட்டி படலைக்கு அங்கால இருக்கு. ஆடு தண்ணி குடிக்கிற வழியைப் பத்து நிமிசம் பாடுபட்டு மூடியிருக்கிறீர்.

தம்பி: நல்லதெண்டு நினைச்சு...

அண்ணை: நீர் திறந்த படலைக்கு அங்கால ஆர் நிண்டது தெரியுமே? இந்த ஏப்ரலில பிறந்த மறிக்குட்டியள். வளர்ந்த மறியின்ர எடையில 60 வீதமாவது வராமல் அதுகளைக் கிடாய்க்கு விடக்கூடாது. விட்டால் தானும் வளராது, வயித்துக் குட்டியும் வளராது. ஈனேக்க குட்டியின்ர தலை இறுகி, இரவு ரெண்டு மணிக்கு மிருக வைத்தியரைக் கூப்பிடவேணும். இப்ப கிடாய் அங்காலயோ இஞ்சாலயோ?

தம்பி: வார் கட்டினதோ? அது அங்கால போனது. சந்தோசமாப் போனது.

அண்ணை: போகும்.

தம்பி: ஏன், ஒரு மதில்தானே நடுவில. படம் எடுக்க அதில ஏறி இருந்தனாங்கள். மேல ரெண்டு மூண்டு கல்லு விழுந்தது. அதுக்கும் நானோ பொறுப்பு? சீமெந்தே போடாமல் கட்டியிருக்கிறாங்கள்!

அண்ணை: சீமெந்து போடாததுதான் அந்த மதில். ரெண்டு பக்கமும் கல்லு அடுக்கி, நடுவில சின்னக் கல்லு இறுக்கி, இடைக்கிடை ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிக்க நீளக் கல்லு குறுக்கால வைச்சு, மேல குத்தா ஒரு வரிசை. அந்த மேல் வரிசையின்ர பாரம்தான் கீழ உள்ளதை அசையாமல் வைச்சிருக்கு. அதைத் தள்ளி விட்டால் கொஞ்ச நாளால கீழ உள்ளதும் ஆடத் தொடங்கும், பிறகு பொட்டு, பெரிய ஓட்டை. தொழில் தெரிஞ்சவனுக்கே நாளுக்கு ரெண்டு மூண்டு மீற்றர்தான் கட்டலாம். தம்பி, நீர் எந்த ஊர்?

தம்பி: பிறந்தது சாவகச்சேரி.

அண்ணை: வேலி ஒரு முழம் தள்ளிப் போட்டான் எண்டு மூண்டு தலைமுறை கோட்டில வழக்காடின சனம். பக்கத்து வீட்டுக்காரன் பொட்டு வைச்சால் கத்தி எடுக்கிற சனம். மற்றவன்ர படலையை மூடத் தெரியாதோ?

தம்பி: அது எங்கட காணி அண்ணை. இது சும்மா பாக்க வாற இடம்தானே. பைபரியில ஆர்லிங்டன் றோ பாத்திட்டு வாறம், ஒரே சனம். இஞ்சதான் ஒருத்தரும் இல்லை. அதுதான் வடிவு.

அண்ணை: அந்த ஆர்லிங்டன் றோ 14ஆம் நூற்றாண்டில கம்பளி வைக்கக் கட்டினது. 17ஆம் நூற்றாண்டிலதான் நெசவுகாரர் குடியிருக்க வீடுகளாய்ப் பிரிச்சது. இந்தப் பக்கத்தில நீர் படம் எடுத்த பெரிய வேதக் கோயில்கள் கனக்க ஆட்டு மயிர்க் காசில எழும்பினது. இப்ப ஆட்டைக் கண்டால் விலை கேக்கிறீர்.

தம்பி: மஞ்சள் ஒட்டினபடியாத்தானே கேட்டனான்.

அண்ணை: நீர் இந்தக் கிழமை வாடகைக்கு எடுத்திருக்கிற வீடு எது?

தம்பி: குளத்தடியில, நீலக் கதவு. மர விட்டம், கணப்படுப்பு, எல்லாம் பழசு. சரியான வடிவு.

அண்ணை: முந்தி அதில ஆர் இருந்தது தெரியுமே? இப்ப உம்மட காருக்குப் பின்னால ட்ரக்டரில இருந்து ரெண்டு விரல் காட்டுறவன். வீட்டுக்காரர் லண்டனில ஒருத்தருக்கு வித்தார், அவர் கிழமை வாடகைக்கு விடுறார். இவன் சிரன்செஸ்டரில அறை எடுத்து, ஒவ்வொரு நாளும் விடியக்காலமை ஏழு மைல் ஓடி வாறான், கிடாயின்ர வார் பாக்க. ஒருத்தரும் இல்லை, அதுதான் வடிவு எண்டீர். இருந்தவை எங்க போச்சினம் எண்டு நினைச்சனீர்?

(தம்பி பேசவில்லை. பிஸ்கட் பைக்கற் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.)

அண்ணை: 2025 ஏப்ரலில இருந்து ரெண்டாவது வீடு வைச்சிருக்கிறவைக்குக் கவுன்சில் விரும்பினால் வரியை ரெட்டிப்பாக்கலாம். கதவில நீலம் பூசிக் கிழமை வாடகைக்கு விட்டால் வியாபாரம் எண்டு அதிலயும் தப்பலாம்.

தம்பி: இந்த பிஸ்கட் மஞ்சள் இல்லையோ?

அண்ணை: ஒரு பவுண் நாப்பது. போய்க் காரை எடும். பிறகு மூண்டாவது படலையைத் திறந்து இந்தக் கயித்தால திருப்பிக் கட்டும். ரெண்டாவதை இப்போதைக்குத் தொடாதையும். கிடாயைப் பிடிச்சுக் கொண்டந்த பிறகு அவனே மூடட்டும். இப்ப மூடினால் கிடாய் குட்டியளோடயே மறிபட்டுப் போகும்.

தம்பி: அப்ப இந்த ஒருதரம் திறந்ததைக் கண்டபடி விடவேணும்.

அண்ணை: ஓம். இப்பதான் விளங்கியிருக்கு.

(தம்பி திரும்பிக் கதவடிக்குப் போகிறார்.)

அண்ணை: நில்லும். திரும்பாதையும், அப்பிடியே நில்லும். அங்க காணியுக்குள்ள குனிஞ்சனீரோ?

தம்பி: ஓம், சப்பாத்துக் கயிறு அவிண்டு போச்சு. குனிஞ்சு கட்டேக்க பின்னால ஏதோ வந்து இடிச்சு மேல விழுந்தது. விளையாட்டுக்கு எண்டு நினைச்சன். ஏன் அண்ணை?

அண்ணை: இந்தக் காலத்தில கிடாய்க்கு முதுகு காட்டக்கூடாது. (கலண்டரை இழுத்து, பென்சிலால் எண்ணுகிறார்) இண்டைக்கு நவம்பர் 12. 147 நாள். ஏப்ரல் 8.

தம்பி: (பின்பக்கத்தைத் தடவி, கையைப் பார்க்கிறார்) ஐயோ, வெள்ளைக் காற்சட்டை! இது தோய்ச்சால் போகுமே?

அண்ணை: லேசில போகாது. 17 நாளைக்குப் பிறகு மட்டும் இந்தப் பக்கம் வந்திராதையும். அப்ப பச்சை கொழுவியிருப்பான்.