மூன்று மொழிக் கல்லும் வெறுங்கையோடு வந்த அம்மாவும்

சென்ற ஞாயிறு மகளையும் அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு கொழும்புக் கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்குப் போனேன். புறக்கோட்டையில் 138 பஸ்ஸில் ஏறி, நகர மண்டபத்தில் இறங்கி, விகாரமகாதேவி பூங்காவுக்குள்ளால் நடந்தோம். பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. அப்போது எங்களை வரிசையாக உள்ளே விட்டு, தொடாதே, பேசாதே என்று சொல்லி, அதே வரிசையில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்தமுறை ஒரு கல்லுக்கு முன்னாலேயே அரை மணித்தியாலம் நின்றோம். காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409 என்று திகதியிட்டுக் கொண்டுவந்து நாட்டிய கல். உச்சியில் இரண்டு டிராகன்கள். கீழே சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் இலங்கையின் தென்கோடியில் இருக்கிற தேவேந்திரமுனைக் கோயிலின் தென்னாவர நாயனார் என்ற விஷ்ணுவுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. அந்தக் கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்துவிட்டார்கள். கல் மட்டும் மிஞ்சி, 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்டது.

எழுத்துகள் நன்றாகத் தேய்ந்துபோயிருக்கின்றன. மருமகனுக்கு ஒன்பது வயது. மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய் நின்று, காற்றில் விரலால் எழுதிப் பார்த்தான். "மாமா, இது 'ப' தானே? அப்ப இது எங்கட எழுத்தா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் அந்த இடத்தை விட்டு வர மறுத்துவிட்டான்.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். கொழும்பு வடக்கில் இருக்கிற எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கல் தெரியும்? கொட்டாஞ்சேனையிலிருந்து அந்த வெள்ளைக் கட்டடம் எவ்வளவு தூரம்? "அங்க எங்களுக்கு என்ன இருக்கு" என்று வீட்டில் பெரியவர்களே சொல்கிறோம். நிறைய இருக்கிறது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கல நடராசர் இருக்கிறார், சுந்தரமூர்த்தி நாயனார் இருக்கிறார். கட்டடத்தைக் கட்டியவரே வாப்புச்சி மரிக்கார் என்ற முஸ்லிம். கூலிக்கு மேல் என்ன வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் மூடிவைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் சொல்வார்கள். நூதனசாலை திறந்த அதே 1877இல்தான் கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இந்தக் கொழும்பில் பிறந்தார். பக்கத்துத் தெருவுக்கு அவர் பெயர். அவர் யாரென்று அந்தத் தெருவில் போகிற பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஆனால் பொருள் இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றிப் பேச்சு நடக்க வேண்டும். போன வருஷம் எங்கள் பக்கத்து வாசிகசாலை ஒன்றில், வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு மாலை கூப்பிட்டார்கள். ஒருவர் தகப்பனுடைய துறைமுக அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். இன்னொருவர் அரிசிக் கூப்பன் புத்தகம். ஓரம் பூச்சி அரித்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் நாலைந்து பேர் கியூவில் நின்ற கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு அம்மா வெறுங்கையோடு வந்திருந்தார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் வீட்டோடு எல்லாம் எரிந்துபோனது என்றார். அப்புறம் எழுந்து நின்று, அலுமாரியின் மேல் தட்டிலிருந்து தொடங்கி, என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கூறைப்புடவை. கலியாண அல்பம். மூத்த மகனின் முதல் சப்பாத்து. ஒரு நீல ரேகைக் கொப்பியில் மாமியார் எழுதிவைத்த பலகாரக் கணக்கு. யாரும் அசையவில்லை. நான் பார்த்த காட்சிப்பொருள்களிலேயே எனக்குப் பெரியது அந்தப் பட்டியல்தான். அதை யாரும் பதிவு செய்யவில்லை. என் கைத்தொலைபேசி சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த அம்மா இப்போது இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொழும்புத் தமிழர் வீடுகளில் பழைய சாமான் குறைவு, காரணம் எல்லோருக்கும் தெரியும். அதனால் பொருளைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்கிற நூதனசாலை எங்களுக்குச் சரிவராது. கதையைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். கம்பளைக்குக் கிட்ட, பழைய பீகொக் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் இருந்த லயத்தையே, அந்த வரிசை வீடுகளையே, நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். செட்டியார் தெருவுக்கும் ஜிந்துப்பிட்டிக்கும் அப்படி ஒரு அறையாவது வேண்டும். பெரிய கட்டடம் எல்லாம் வேண்டாம். ஒரு வாசிகசாலை, ஒரு பதிவுக் கருவி, மாதம் ஒரு ஞாயிறு. பெரிய நூதனசாலைகளும் மே 18 சர்வதேச நூதனசாலைகள் தினத்துக்காவது தமிழில் சுற்றிக்காட்ட ஒருவரை நிறுத்தலாம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், சத்தம் போடட்டும்.

அதுவரை என்னால் முடிந்தது இது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருமகனும் வருகிறான். 'ப' எங்கே இருக்கிறது என்று அவன் காட்டுவான். வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், பதிவு செய்ய நான் வீட்டுக்கே வருகிறேன்.