விரலில் பட்ட கறுப்பு

எஞ்சின் ஆயில் கறுத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று சனிக்கிழமை ஒரு மெக்கானிக் என் தங்கையைப் பயமுறுத்திவிட்டார்.  அவர் நீட்டிய விரல் என் கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, நுனியை விரலால் வழித்து, அந்தக் கறுப்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, “இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் எஞ்சின் போய்விடும்” என்றார் அந்த மெக்கானிக். ஆயில் மாற்றி 2,800 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. அவளுடைய காரின் கையேடு சொல்வது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. பயந்துபோய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆயில் கறுப்பது அது தன் வேலையைச் செய்வதால்தான். எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியை உலோகத்தில் படியவிடாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளத்தான் அதில் ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். டீசல் எஞ்சினில் புது ஆயில்கூட வெகு சீக்கிரம் மையாகிவிடும். தங்கையுடையது டீசல். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டிய சந்தர்ப்பம் வேறு: பாலைக் கலக்கியதுபோல வெளிறிக் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், உடனே பார்க்க வேண்டும். வெறும் கறுப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

“சீக்கிரம் மாற்றினால் என்ன கெட்டுவிடும்?” என்பீர்கள். எஞ்சினுக்கு ஒன்றும் கெடாது, ஒப்புக்கொள்கிறேன். பணம் போகிறது. வடித்தெடுத்த கழிவு ஆயில் மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் நஞ்சு. இதெல்லாம் சின்ன விஷயமா? “அந்த மெக்கானிக்குக்கு இருபது வருட அனுபவம்” என்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். அனுபவம் இருந்தால் டீசல் ஆயில் ஏன் கறுக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

“காலங்காலமாக 5,000 கிலோமீட்டர்தானே கணக்கு?” இதைச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் அப்பாவும் அப்படித்தான் மாற்றினார். அவருடைய காரில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் பழைய கார்புரேட்டர்; குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். ஊற்றியதும், செயற்கை ஆயிலைவிடச் சீக்கிரம் கெடும் சாதாரண மினரல் ஆயில். அந்த வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. ஞாயிறு காலையில் பழைய துணியோடு என்னைக் கூப்பிடுவார். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி, எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்கும் இடத்தைக் காட்டுவார். பிறகு நோட்டில் பென்சிலால் தேதியும் கிலோமீட்டரும். நிறத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவர் போன பிறகு நான் அளவு பார்ப்பதை விட்டேன். ஒரு வளைவில் திரும்பும்போது ஆயில் விளக்கு சிவப்பாக மின்னி அணைந்தது. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் வெகு கீழே. அன்றைக்கு எஞ்சின் தப்பியது. குறித்த நாளில் மாற்றிய ஆயில்தான் அது.

“கையேட்டைக் கம்பெனி தன் வசதிக்கு எழுதுகிறது” என்ற சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை உண்டு. புழுதிச் சாலை, அதிகச் சுமை, நெரிசலில் நின்று நின்று ஓடும் ஓட்டம், எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணம். எஞ்சின் நன்றாகச் சூடானால்தான் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும். என் அலுவலகம் நான்கு கிலோமீட்டர் தூரம். அதனால் என் காருக்கு நான் 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றுகிறேன். தங்கை தினமும் நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் போகிறாள். இரண்டுக்கும் எப்படி ஒரே கணக்கு?

ஆனால் இப்போது மாற்றியிருக்கத் தேவையில்லை என்று சொன்னதற்குக் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த பெயர் கஞ்சன். “நாலு காசு மிச்சம் பிடிக்கத் தங்கையின் வண்டியைப் பலி கொடுக்கப் பார்க்கிறான்” என்று வயதில் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவருடைய காருக்கு எத்தனை முறை நான் டிப்ஸ்டிக் பார்த்துச் சொல்லியிருக்கிறேன் என்பது அவருக்கே தெரியும். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயிலைவிட அதுதான் வலிக்கிறது. தெரியாதவர்களைப் பயமுறுத்துகிறவரை எல்லோரும் நம்புகிறார்கள். உட்கார்ந்து விளக்குகிறவனுக்குக் கெட்ட பெயர்.

இன்னொன்று. அந்த மெக்கானிக் டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி செருகிப் பார்க்கவே இல்லையாம். அளவை யாருமே பார்க்கவில்லை.

நேற்று இரவு தங்கை அழைத்தாள். “அண்ணா, அந்த இரண்டு கோடு எங்கே இருக்கும்?” என்று கேட்டாள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொன்னேன். இன்று காலை படம் அனுப்பியிருக்கிறாள். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரம் நிற்கிறது. இப்படி ஓட்டினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து ஆயில் நுரைக்கும். நிறமோ, மாற்றி நான்கே நாளில், அதே கறுப்பு.

வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதிகமான ஆயிலை வடிக்க இப்போது அங்கேதான் கிளம்புகிறேன்.