ஓடிபி வர்றதுக்குள்ள நெல்லு முளைச்சிடும்

‘நெல்லு விக்கணும்னா ஆன்லைன்ல பதிஞ்சிட்டு வாங்க, ரெண்டே நிமிசம்’னு சொன்ன புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா, ஐப்பசி மழையில எங்க களத்துமேட்டுல ரெண்டே நிமிசம் நிக்க வைக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.

டெல்டாக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. குறுவை அறுத்தாச்சு. நெல்லு, அரசாங்கக் கொள்முதல் நிலையத்து வாசல்ல தார்ப்பாய்க்கடியில கெடக்கு. சித்தப்பா கையில பட்டன் போன். ஆதார்ல இருக்கிற நம்பரு திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கிற மகனோடது. மிச்சம் புரிஞ்சிருக்குமே.

கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்தோம். மொதல்ல கேப்சா. நடுவுல ஒரு கோடு நிக்குது. அது பெரிய ஐ-யா, சின்ன எல்-லா, நம்பர் ஒண்ணா? சென்டர் பொண்ணு ஐ அடிச்சா தப்பு. எல் அடிக்கிறதுக்குள்ள வேற படம். சித்தப்பா கண்ணாடியைத் தொடைச்சுக் குனிஞ்சு பாத்துட்டு, “குச்சிடா அது”ன்னாரு. அன்னிக்கு உருப்படியா பேசினது அவர் ஒருத்தர்தான்.

அடுத்து ஓடிபி. தம்பிக்கு அடிச்சா எடுக்கல, மிஷின்ல இருக்கான். அப்புறம் சூப்பர்வைசருக்குத் தெரியாம பாத்ரூமுக்கு வந்து எடுக்கிறான். எடுத்து என்ன கேக்குறான் தெரியுமா? “அண்ணே, இதை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கேண்ணே.” டேய், உங்கப்பன் நெல்லுடா! சொல்றான். “நாலு, ஒம்போது, ரெண்டு...” பின்னாடி தண்ணி கொட்டுற சத்தம். ஏழா, எட்டா? “எட்டுண்ணே... இல்ல, ஏழு.” நேரம் முடிஞ்சிடுச்சு. மறுபடி அனுப்பச் சொன்னா வரல. வரல. அப்புறம் ரெண்டு சேந்து வருது, இவன் பழசைப் படிக்கிறான். ஒருவழியா உள்ள போனா வட்டம் சுத்துது. நாங்க மூணு பேரும் அந்த வட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்கோம், வெளியில இடி இடிக்குது. ‘அமர்வு முடிந்தது, மீண்டும் முயலவும்.’

மறுபடி குச்சி.

பேரு பொருந்தலைன்னு அடுத்த கூத்து. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பேங்க்ல பின்னாடி. பட்டாவோ இன்னும் தாத்தா பேர்ல கூட்டுப் பட்டாவா இருக்கு. சொந்த நெலத்துக்கே இந்தக் கதின்னா, கோயில் நெலத்தையும் மடத்து நெலத்தையும் குத்தகைக்கு ஓட்டுறவன் பாடு என்ன? பயிர் வச்சது அவன்தான்ங்கிற சான்றிதழுக்கு அவன் தனியா அலையணும். வி.ஏ.ஓ. மீட்டிங்ல இருப்பாரு. எப்பவும் மீட்டிங்தான்.

17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா நெல்லை எடுக்க மாட்டாங்க. 2025 அக்டோபர்ல குவியல் குவியலா நனைஞ்சு முளைச்சப்ப, அதை 22 ஆக்கணும்னு மாநிலம் கேட்டுச்சு, மத்தியக் குழு வந்து பாத்துட்டுப் போச்சு. சர்வர் படுத்துக் கெடந்த நேரத்துல ஏறுன ஈரத்தை யார் கணக்குல எழுதுறது? அதை அளக்க மீட்டர் இருக்கா?

சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய்னு அந்தக் குறுவைக்கு அறிவிச்சாங்க. நல்ல வெலைதான், இல்லேங்கல. உள்ள நுழைஞ்சாத்தானே கையில வரும்? வியாபாரிக்குக் குச்சியும் வேணாம், ஓடிபியும் வேணாம். பைக்ல வர்றான், நாலு நெல்லைக் கடிச்சுப் பாக்குறான், அடிமாட்டு வெலைக்குக் கேக்குறான், நின்ன எடத்துலயே ஜிபே பண்ணிட்டுப் போறான். அவன் போன்ல மட்டும் நெட்டு எப்படித்தான் வேலை செய்யுதோ!

இதுல டிவியில ஒருத்தர் பேசுறாரு, விவசாயிக்கு டிஜிட்டல் விழிப்புணர்வு பத்தலையாம். யோவ், குலைநோய் விழுந்த இலையைப் படம் புடிச்சு வாட்ஸப்ல போட்டு மருந்து கேக்குறவன்யா நான். ரேடார் படத்துல மஞ்சளும் செவப்பும் எங்க நகருதுன்னு பாத்துத்தான் அறுப்பு மிஷினுக்கே நாள் சொல்றோம். மடியில பாலிதீன் பையில சுத்தி போனை வச்சிக்கிட்டு நாத்து நடுறோம். இதுக்கு மேல என்னய்யா விழிப்பு?

ஒருவழியா பதிவாயிடுச்சு. குறுஞ்செய்தி திருப்பூருக்குத்தான் போகும். “என் நெல்லுக்கு எப்ப நாள் குறிச்சாங்கன்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்”னு சித்தப்பா சிரிக்க ஆரம்பிச்சாரு. நானும் சிரிச்சுத் தொலைச்சேன், வேற என்ன செய்ய?

அது கெடக்கட்டும். அந்த சென்டர் வாசல்ல ஒரு டீக்கடை. பன்னெண்டு ரூவா வாங்கிக்கிட்டு, இருமல் மருந்து அளக்குற மூடி மாதிரி ஒரு பேப்பர் கப்புல டீ குடுக்குறான். அதுலயும் முக்காவாசி நுரை. கிளாஸ் எங்கய்யான்னா, “கிளாஸ்ல குடுக்கிறதில்லண்ணே”ங்குறான். அதுக்கும் ஆன்லைன்ல பதியணுமாய்யா?