நாய்க்கு மண்ணெண்ணெய் தடவாதீர்கள்

மேலே ஒருவர், நாய் உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் தடவினால் உண்ணி ஒரே நாளில் ஒழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தோல் புண்ணாகும், நாய் நக்கினால் உள்ளே போகும், அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலே கெட்டுவிடும்.

அப்புறம், நம் பக்கத்து நாய்களில் இருக்கும் பழுப்பு உண்ணி எப்போதும் நாய் மேலேயே இருப்பதில்லை, வயிறு முட்ட ரத்தம் குடித்ததும் இறங்கிப்போய் சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும், ஒரு பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வெடிப்பைப் பூசாமல், நாய் படுக்கும் துணியை வெந்நீரில் துவைக்காமல் நாயை மட்டும் கவனித்தால் மறுபடி ஏறத்தான் செய்யும்.

ஒட்டியிருக்கும் உண்ணியை, குழந்தை மேல் இருந்தாலும் சரி, புருவ முடி எடுக்கும் பிளக்கரால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேரே இழுங்கள். தீக்குச்சியால் சுடவே வேண்டாம். மருந்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், நாயின் எடையைப் பார்த்துத் தருவார்கள். வீட்டில் பூனை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.