‘முக்கியமானதை முதலில் செய்’ என்று எங்களிடம் சொல்லாதீர்கள்

நேர மேலாண்மை பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: முக்கியமான வேலையை முதலில் முடி, மற்றவை தானாக நடக்கும். ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) உள்ள பெரியவர்களுக்கு இதைவிடப் பொருந்தாத அறிவுரையை நான் கேட்டதில்லை. எனக்கும் அது உண்டு என்பதால் கொஞ்சம் உரிமையோடே சொல்கிறேன்.

எது முக்கியம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். செய்ய உட்காரும்போதுதான் வரிசை கலைந்துபோகிறது. கட்ட வேண்டிய வரி, மடிக்காமல் குவிந்து கிடக்கும் துணி, தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் பல் மருத்துவர், யாருக்கோ போட வேண்டிய பதில் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே உரத்த குரலில் கூப்பிடுகின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றவை உறுத்துகின்றன. கடைசியில் எதையும் தொடாமல் கைபேசியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஓய்வு. ஓய்வெடுத்தவர் எழும்போது தெம்பாக இருப்பார். எங்களுக்கோ அடித்துப்போட்டதுபோல் இருக்கும்.

ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். இரண்டு வரியில் பதில் எழுதி ஒரு சான்றிதழை இணைத்து அனுப்ப வேண்டும். ஐந்து நிமிட வேலைதானே என்பார்கள். சான்றிதழ் பழைய கணினியில் இருக்கிறது. அதன் சார்ஜர் எங்கே என்று தேட வேண்டும். தேடப் போனால் அலமாரியைக் கலைக்க வேண்டும். கணினியைத் திறந்தால் கடவுச்சொல் நினைவில்லை. போதாக்குறைக்கு, பதில் தாமதமானதற்கு ஒரு மன்னிப்பு வரி எழுத வேண்டும். நாளாக நாளாக அந்த வரி நீண்டுகொண்டே போகிறது. மற்றவர்கள் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக, வரும்போது பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அத்தனையும் முதல் நொடியிலேயே மொத்தமாக மேலே விழுகின்றன. பிறகு அந்த மின்னஞ்சல் தலைப்பைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். செய்ய வேண்டியவற்றை மனத்தில் ஏந்தி, வரிசைப்படுத்தி, தொடங்கி, நடுவில் விட்டுப் போகாமல் இழுத்துப் பிடிக்கும் வேலையில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு டோபமைன், நார்எபிநெப்ரின் என்ற மூளை வேதிப்பொருள்கள் சரியாக வேலை செய்ய வேண்டும். ஏடிஹெச்டியில் தடுமாறுவது இந்த ஏற்பாடுதான். இதில் மரபணுக்களின் பங்கும் மிக அதிகம். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதன் சாரம் இது: சிக்கல் தெரியாததில் இல்லை, தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடியாததில் இருக்கிறது. தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரைகள் எங்களிடம் எடுபடாததற்கும் அதுவே காரணம்.

லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் 1902-இல் இதுபோன்ற குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். அதன் பிறகும் நெடுங்காலம் இது குழந்தைகளின் கோளாறு, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றே கருதப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல்தான் பெரியவர்களுக்கு ஏற்றபடி வரையறையைத் தளர்த்தியது: 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும், அவை தலைகாட்ட வேண்டிய வயது 7-க்கு முன் என்பதிலிருந்து 12-க்கு முன் என்று மாறியது. வகுப்பில் ரகளை செய்யாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், கண்ணில் படாமலேயே வளர்ந்துவிட்டார்கள். ‘அறிவு இருக்கிறது, அக்கறை இல்லை’ என்ற பட்டத்தோடு.

சரி, உறைந்து உட்கார்ந்திருக்கும்போது என்னதான் செய்வது? என் அனுபவத்தில், தலைக்குள் வைத்து வரிசைப்படுத்தும் முயற்சியைக் கைவிடுவதுதான் முதல் விடுதலை. உறுத்துவதையெல்லாம் ஒரு தாளில் கொட்டிவிடுகிறேன், எந்த ஒழுங்கும் பாராமல். பிறகு முக்கியமானதைத் தேடுவதில்லை; கைக்கு எட்டியதைத் தேடுகிறேன். ‘வரி கட்டு’ என்று எழுதினால் அது ஒரு மிரட்டல். ‘அந்த வரிக் கோப்பை எடுத்து மேசைமேல் வை’ என்று எழுதினால் உடம்பு எழுந்து போய்ச் செய்கிறது. கோப்பு மேசைக்கு வந்தபின் அதைத் திறப்பதும் திறக்காததும் அப்புறம். தள்ள வேண்டியது நின்றுபோன வண்டியை. முதலில் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் லாபம்தான்.

புது நாட்குறிப்பு, புதுச் செயலி எல்லாம் சில வாரங்களில் செத்துவிடுகின்றன என்று வருந்துகிறவர்கள் பலர். புதுமை தீர்ந்தால் எங்கள் மூளை கைகழுவிவிடும். அதற்காக வெட்கப்படாமல் அடுத்த கருவிக்குத் தாவிவிடுங்கள் என்பது என் கட்சி.

மாத்திரை என்றதும் முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்கு நன்றாகவே பலன் தருகின்றன. இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். பெரியவர்களின் ஏடிஹெச்டிக்கென்றே வடிவமைத்த நடத்தைசார் சிகிச்சையும் இருக்கிறது. அதே சமயம், ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு ‘எனக்கும் இதுதான்’ என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. தூக்கக் குறைவு, தைராய்டு, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் ஏறக்குறைய இதே வேஷத்தில் வரக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் பட்டியல் மருத்துவரிடம் போக வேண்டுமா என்று காட்டும், அவ்வளவுதான். ‘ஏடிஹெச்டி ஒரு வரம்’ என்று பேசுகிறவர்களிடம் என் மின்னஞ்சல் பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். அறிவுரை வேண்டாம், கண்காணிப்பும் வேண்டாம். அதே அறையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தாலே எங்களில் பலருக்குக் கை ஓடத் தொடங்கிவிடும். நடுவில் ‘முடிந்ததா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.